எஞ்சிய பத்துப் பேர்

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர் ஒருவர் முதியவருக்கோ நாட்பட்ட நோயாளிக்கோ ஃப்ளூ தடுப்பூசி போட்டால், ஊசி ஒன்றுக்கு இவ்வளவு என்று அரசு அவருக்குப் பணம் தருகிறது. 2010களின் தொடக்கத்தில் அது 7 பவுண்டு 64 பென்ஸ். 2020 குளிர்காலத்தில் 10 பவுண்டு 6 பென்ஸ். இதுபோக, அவரிடம் பதிவு செய்துகொண்ட இதய நோயாளிகளிலும் நீரிழிவு உள்ளவர்களிலும் நூற்றுக்கு எத்தனை பேருக்கு ஊசி போய்ச் சேர்ந்தது என்று கணக்குப் பார்த்துத் தனியாக ஊக்கத்தொகையும் நெடுங்காலம் கொடுத்துவந்தார்கள். மருத்துவருக்குப் பணம் கொடுத்தால் ஊசிகளின் எண்ணிக்கை கூடுமா என்ற கேள்வி பழையது. கூடும், ஆனால் கொஞ்சம்தான் என்பது ஏறத்தாழத் தெளிவாகிவிட்டது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கடுத்த கேள்வி. கூடுதலாகப் போட்ட ஊசிகள் யாரைப் போய்ச் சேர்ந்தன?

ஃப்ளூவைச் சளிக்காய்ச்சல் என்று தள்ளிவிடுவது நம்மிடையே வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, அந்த நோயால் மூச்சுத்திணறி இறப்பவர்கள் ஆண்டுக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்; நுரையீரலோ இதயமோ சிறுநீரகமோ ஏற்கெனவே பழுதானவர்கள். இந்த நோய்கள் ஏழைகளிடம் சீக்கிரம் வருகின்றன, அதிகமாகவும் வருகின்றன. ஆகவே ஊசி முதலில் போய்ச் சேர வேண்டிய வீடு எது என்பதில் குழப்பமில்லை. குழப்பம், அந்த வீட்டுக் கதவைத் தட்ட யாருக்கு என்ன காரணம் இருக்கிறது என்பதில்தான்.

தென் வேல்ஸில் கிளின்கோர்க் என்ற சுரங்கத் தொழிலாளர் ஊரில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையை இந்தத் துறையில் பேசுகிறவர்கள் யாரும் தாண்டிப் போக முடியாது. நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் குறைவாகக் கிடைக்கிறது என்று அவர் சொன்னார். சந்தையின் விசை மருத்துவத்துக்குள் எவ்வளவு நுழைகிறதோ அந்த அளவுக்கு இது மோசமாகும் என்பதும் அவர் வாதம். மருத்துவர்களின் சம்பளத்தை இலக்குகளோடு கட்டிப்போடும் திட்டத்தைப் பிரிட்டன் 2004இல் கொண்டுவந்தபோது, இந்த விதியின் நிழல் அதன்மேல் விழுந்தது. வசதியான ஊர் மருத்துவர்கள் இலக்கை எளிதாக எட்டிப் பணத்தை வாங்கிக்கொள்வார்கள், ஏழை ஊர் மருத்துவர்கள் மேலும் பின்தங்குவார்கள் என்ற அச்சம் நியாயமானதே.

க்யூஓஎஃப் என்று அழைக்கப்படும் அந்தத் திட்டம் அதுவரை உலகில் யாரும் முயன்றிராத அளவு பெரியது. மொத்தம் 1,050 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு, சராசரி அளவுள்ள மருத்துவ நிலையத்துக்கு முதலாண்டில் ஏறத்தாழ 75 பவுண்டு. அடுத்த ஆண்டிலேயே அது 120ஐத் தாண்டியது. குடும்ப மருத்துவ நிலையங்களின் வருமானத்தில் கிட்டத்தட்டக் கால்பங்கு இதிலிருந்து வந்தது. ஃப்ளூ ஊசிக்குள்ள புள்ளிகள் நோய்வாரியாகப் பிரிந்திருந்தன: இதய நோயாளிகளுக்கு 7, நாட்பட்ட நுரையீரல் அடைப்புக்கு 6, நீரிழிவுக்கு 3, பக்கவாதத்துக்கு 2. ஆஸ்துமாவுக்கு 12 புள்ளிகள் இருந்தன, 2006இல் எடுத்துவிட்டார்கள். சிறுநீரக நோயாளிகளும் கல்லீரல் நோயாளிகளும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் என்று அதே அரசுதான் சொன்னது. ஆனால் அவர்களுக்குப் புள்ளி இல்லை. எந்த நோயாளிக்கு ஊக்கத்தொகை உண்டு, எவருக்கு இல்லை என்ற முதல் வேற்றுமை இங்கேயே, காகிதத்திலேயே, தொடங்கிவிட்டது.

பணம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஏற்றத்தாழ்வு பிறப்பதும் மறைவதும் அந்தக் கணக்கில்தான்.

ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு கீழ்வரம்பும் ஒரு மேல்வரம்பும் உண்டு. கீழ்வரம்பைத் தொடாதவர்களுக்குப் பணம் இல்லை. அதற்கு மேல் ஏற ஏறப் பணம் ஏறும். மேல்வரம்பைத் தொட்டதும் நின்றுவிடும். இதய நோயாளிகளின் ஃப்ளூ ஊசிக்கு மேல்வரம்பு முதலில் 85 சதவீதம். 2006இல் 90 ஆக்கினார்கள். நூறு பேரில் தொண்ணூறு பேருக்குப் போட்டாகிவிட்டால், எஞ்சிய பத்துப் பேருக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் இந்தத் திட்டத்தில் மருத்துவருக்கு ஒன்றுதான். அந்தப் பத்துப் பேர் யார்? நான்காம் மாடியிலிருந்து இறங்க முடியாதவர், கடிதம் வந்தால் படிக்கத் தெரியாதவர், குடியில் வீழ்ந்தவர், இரண்டு வேலைக்கு ஓடுகிறவர், மனநோயால் வீட்டுக்குள் அடைந்துகிடப்பவர். இவர்கள் ஒவ்வொருவருக்கும் ஊசி போட ஆகும் நேரமும் செலவும் முதல் தொண்ணூறு பேரில் யாருக்கும் ஆனதைவிடப் பல மடங்கு. அவர்களுக்கான விலையோ அதே விலை, அல்லது பூஜ்யம்.

இதோடு விலக்கு என்ற ஏற்பாடும் இருந்தது. ஊசி வேண்டாம் என்று மறுத்தவரையும், மூன்று முறை அழைத்தும் வராதவரையும் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். நீக்கிவிட்டால் நூறு தொண்ணூற்றைந்தாகும், இலக்கு எளிதாகும். இந்த ஏற்பாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. மறுக்கும் நோயாளியை மருத்துவர் வற்புறுத்தக் கூடாது, மறுப்புக்காக அவர் வருமானத்தைக் குறைப்பதும் சரியல்ல. மோசடி பெருகும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், அப்படிப் பெருகவில்லை. மான்செஸ்டரைச் சேர்ந்த டிம் டோரனும் உடனாய்வாளர்களும் பார்த்தபோது, மொத்தக் குறியீடுகளிலும் விலக்கப்பட்டவர்கள் இடைநிலை மருத்துவ நிலையத்தில் ஏறத்தாழ 5 சதவீதம்தான். ஆனால் எனக்கு உறுத்துவது மோசடி அல்ல. மூன்று கடிதம் போட்டும் வராதவர்தான் தேடிப் போக வேண்டிய ஆள். அவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் முழு மதிப்பெண் கிடைக்கும் என்ற ஏற்பாடு, அவரைத் தேடவேண்டாம் என்று சொல்லாமல் சொல்கிறது.

மேல்வரம்பை 85இலிருந்து 90க்கு உயர்த்தியது ஆய்வாளர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு. நாடு முழுவதும் ஒரே நாளில் விதி மாறியதால், பணத்தின் விளைவை மட்டும் பிரித்துப் பார்க்க முடிந்தது. இதய நோயாளிகளின் ஊசி விகிதம் உயர்ந்தது உண்மை. ஆனால் அரைச் சதவீதப் புள்ளிக்கும் குறைவாக. கூடவே விலக்குப் பட்டியலும் கொஞ்சம் நீண்டது. மருத்துவர்கள் ஊக்கத்தொகைக்கு அசைந்தார்கள், சிலர் ஊசியோடு, சிலர் பேனாவோடு.

இனி எதிர்த்தரப்பின் வலுவான சான்று. டோரன் குழு 2008இல் 'லான்செட்'டில் வெளியிட்ட ஆய்வில், திட்டத்தின் முதல் மூன்றாண்டுகளில் மிக வசதியான பகுதிகளின் மருத்துவ நிலையங்களுக்கும் மிக ஏழைப் பகுதிகளின் மருத்துவ நிலையங்களுக்கும் இருந்த இடைவெளி 4.0 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகச் சுருங்கியது. ஃப்ளூ ஊசி உட்பட 48 பணிகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு இது. டியூடர் ஹார்ட்டின் விதியைப் பணம் முறியடித்துவிட்டது என்று அப்போது பலரும் மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியை நான் முழுதாகத் தள்ள மாட்டேன். பின்தங்கிய நிலையங்கள் விரைந்து முன்னேறியது உண்மை. ஏழை ஊரில் வேலை செய்யும் செவிலியருக்கு ஒரு கணினிப் பட்டியலும் அழைப்புக் கடிதம் அனுப்ப ஒரு ஊழியரும் கிடைத்தது உண்மை.

ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பிரேசில் நாட்டுத் தொற்றுநோயியலாளர் சேஸர் விக்டோராவும் உடனிருந்தோரும் 2000இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். புதிய மருத்துவ வசதி எதுவும் முதலில் வசதியானவர்களைச் சேர்கிறது, அப்போது இடைவெளி விரிகிறது. அவர்கள் இனி ஏற முடியாத உச்சியைத் தொட்ட பிறகே ஏழைகள் நெருங்குகிறார்கள். பிரிட்டனில் சுருங்கிய இடைவெளியின் ஒரு பங்கு இந்த உச்சியால் வந்தது. மேலே இருந்தவர்களுக்கு இனி ஏற இடமும் இல்லை, ஏறினால் பணமும் இல்லை.

இரண்டாவது இன்னும் முக்கியம். அந்த ஆய்வு ஒப்பிட்டது மருத்துவ நிலையங்களை, மனிதர்களை அல்ல. ஏழைப் பகுதியிலுள்ள ஒரு நிலையம் 85 சதவீதம் எட்டிவிட்டது என்றால், அந்த 85க்குள் வந்தவர்கள் அதே பகுதியின் கொஞ்சம் வசதியான, கொஞ்சம் நடமாடக்கூடிய, ஆங்கிலம் பேசத் தெரிந்த முதியவர்களாகவே இருக்கலாம். நிலையங்களின் இடைவெளி மூடிக்கொண்டே வரும்போது, நிலையத்துக்குள் இருக்கும் இடைவெளி அப்படியே கிடக்க முடியும். மருத்துவரிடம் பதிவே செய்யாதவர்களோ, வீடற்றவர்கள், ஊர் ஊராகப் போகும் நாடோடிக் குடும்பங்கள், ஆவணம் இல்லாமல் அஞ்சி வாழும் குடியேறிகள், இந்தக் கணக்கின் வகுக்கும் எண்ணிலேயே இல்லை.

கணக்கில் நடந்த ஓர் அநீதியையும் சொல்லியாக வேண்டும். நோயாளிகள் அதிகமுள்ள நிலையத்துக்கு அதிகப் பணம் போக வேண்டும் என்பதற்காக நோய்ப்பரவலுக்கு ஏற்பத் திருத்தம் செய்தார்கள். ஆனால் நேரடி விகிதத்தில் செய்யாமல், அதன் வர்க்கமூலத்தை எடுத்துச் செய்தார்கள். நாட்டுச் சராசரியைப் போல நான்கு மடங்கு இதய நோயாளிகள் உள்ள நிலையத்துக்கு இரண்டு மடங்கு பணம்தான் போகும். வேலை நான்கு பங்கு, கூலி இரண்டு பங்கு. நோய்கள் குவிந்து கிடக்கும் ஏழைப் பகுதி மருத்துவர்களே இதில் இழந்தார்கள். 2009இல்தான் இந்த வர்க்கமூலத்தைக் கைவிட்டார்கள். ஏழைகளுக்கு எதிராக யாரும் திட்டமிட்டு இதைச் செய்ததாக நான் நினைக்கவில்லை. வருமானம் திடீரென்று ஆடிவிடக் கூடாது என்ற கவலையில் எழுதப்பட்ட சூத்திரம் அது. அதற்கான விலையை ஐந்தாண்டுகள் கொடுத்தவர்கள் யார் என்பதே கேள்வி.

ஊசி வாங்குவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இங்கிலாந்தில் குழந்தைகளுக்கான ஃப்ளூ ஊசியை அரசே மொத்தமாக வாங்குகிறது. பெரியவர்களுக்கான ஊசியை ஒவ்வொரு மருத்துவ நிலையமும் பல மாதங்களுக்கு முன்பே தயாரிப்பாளரிடம் சொல்லிவைத்துத் தானே வாங்க வேண்டும். மிஞ்சிய ஊசி நிலையத்தின் நட்டமாகலாம். நோயாளிகள் தவறாமல் வரும் ஊரில் இந்தத் துணிச்சல் எளிது. வருவார்களா என்று தெரியாத ஊரில் குறைவாகச் சொல்லிவைப்பதே பத்திரம்.

அமெரிக்காவில் இந்தப் பாதை இன்னும் முன்னதாகவே தொடங்கியது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரை உள்ளடக்கிய மன்ரோ மாவட்டத்தில் 1991இல் ஒரு சோதனை நடந்தது. 70 சதவீத முதியவர்களுக்குப் போட்டால் ஊசிக் கட்டணத்தில் 10 சதவீதம் கூடுதல், 85 சதவீதத்துக்குப் போட்டால் 20 சதவீதம் கூடுதல். ஊசிக்கு 8 டாலர் என்பதால் கூடுதல் தொகை 80 சென்ட் அல்லது 1 டாலர் 60 சென்ட். ஊக்கத்தொகை பெற்ற நிலையங்கள் 68.6 சதவீதத்தை எட்டின, பெறாதவை 62.7. இத்தனை சிறிய தொகைக்கு இது நல்ல பலன். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 2000இலேயே ஃப்ளூ ஊசி எல்லோருக்கும் இலவசமாகிவிட்டது. பிறகு அங்கே குடும்ப மருத்துவர்களுக்குப் படிப்படியான வெகுமதி வைத்தார்கள்: தன்னிடமுள்ள முதியவர்களில் 60 சதவீதத்துக்குப் போட்டால் ஆண்டுக்கு 220 டாலர், 80 சதவீதத்துக்குப் போட்டால் 2,200 டாலர். முதியவர்களிடையே ஊசி விகிதம் ஏறத்தாழ 3 சதவீதப் புள்ளி கூடியது. இரண்டு இடத்திலும் மருத்துவரைப் பார்த்துக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே: எத்தனை பேர்? எவர் என்று கேட்கவில்லை. இரண்டுமே ஏற்கெனவே மருத்துவர் உள்ளவர்களை மட்டும் எண்ணின.

பணம் அறவே எட்டாத இடைவெளிகளும் உண்டு. பிரான்ஸ் 2009இல் பன்றிக்காய்ச்சல் ஊசியைக் குடும்ப மருத்துவர்களிடம் கொடுக்காமல் விளையாட்டு அரங்குகளில் முகாம் அமைத்துப் போட்டது. மக்கள் வரவில்லை, மருத்துவர்கள் அவமானப்பட்டதாக உணர்ந்தார்கள், ஊசியைப் பற்றிய சந்தேகம் பரவியது. அடுத்த குளிர்காலத்தில் வழக்கமான ஃப்ளூ ஊசியின் விகிதமே சரிந்தது. அதன்பின் அந்நாடு மருத்துவர்களுக்கு இலக்குசார் ஊக்கத்தொகை கொடுத்தும், முதியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் என்ற நிலையிலேயே பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்தது. உலக சுகாதாரப் பேரவை 2003இல் வைத்த இலக்கோ, 2010க்குள் 75 சதவீதம்.

பிரிட்டனில் 2013 முதல் குழந்தைகளுக்கு மூக்கில் பீய்ச்சும் ஃப்ளூ மருந்தைப் பள்ளிகளில் கொடுத்துவருகிறார்கள். அதில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கிறது. முஸ்லிம்கள் நிறைய வாழும் பகுதிகளில் பெற்றோர் பலர் மறுத்தார்கள். அந்தப் பகுதிகளில் பல வறுமையானவை என்பதால் புள்ளிவிவரத்தில் அது வறுமையின் இடைவெளியாகவும் தெரிந்தது. மருத்துவருக்கு எவ்வளவு கொடுத்தாலும் இந்த இடைவெளி மூடாது. ஜெலட்டின் இல்லாத ஊசியை மாற்றாகக் கொடுத்தால்தான் மூடத் தொடங்கும். பிற்பாடு கொடுக்கவும் செய்தார்கள். கரீபிய வம்சாவளிக் கறுப்பின மக்களிடையே ஊசி விகிதம் இங்கிலாந்தில் ஆண்டுதோறும் மிகக் கீழே இருப்பதற்கும் வேறு வரலாறு உண்டு. மருத்துவமனையில் தங்கள் வலி நம்பப்படவில்லை என்ற தலைமுறை அனுபவத்தை ஊசி ஒன்றுக்குப் பத்துப் பவுண்டு அழிக்காது.

2020 ஒரு விசித்திரச் சான்று. கோவிட் அச்சத்தில் இங்கிலாந்து க்யூஓஎஃப்பின் ஃப்ளூ புள்ளிகளை இரட்டிப்பாக்கியது. கூடவே பெரும் விளம்பரம், மருந்துக்கடைகள், வாகன நிறுத்தங்களில் முகாம்கள். 65 வயதைக் கடந்தவர்களில் ஊசி போட்டவர்கள் 72.4 சதவீதத்திலிருந்து 80.9 ஆனார்கள். 65 வயதுக்குட்பட்ட நாட்பட்ட நோயாளிகளில் 44.9இலிருந்து 53.0. இது ஊக்கத்தொகையின் வேலை என்று சொல்ல முடியாது; அச்சம் பெரிய ஊக்கி. 2023-24 குளிர்காலத்தில் அதே நோயாளிப் பிரிவு 41 சதவீதத்துக்குச் சரிந்துவிட்டது, தொடங்கிய இடத்துக்கும் கீழே.

ஊசியின் பலன் பற்றிய ஒரு விவாதமும் நம் கேள்வியைத் தொடுகிறது. ஃப்ளூ ஊசி முதியவர்களின் இறப்பைப் பாதியாகக் குறைக்கிறது என்று பழைய ஆய்வுகள் காட்டின. சியாட்டிலில் லீசா ஜாக்சன் குழு 2006இல் ஒரு எளிய சோதனை செய்தது. ஃப்ளூ பருவம் தொடங்குவதற்கு முன்பே, ஊசி எதையும் தடுக்க வாய்ப்பில்லாத மாதங்களிலேயே, ஊசி போட்டவர்கள் குறைவாக இறந்துகொண்டிருந்தார்கள். அதாவது நடந்துவரத் தெம்புள்ளவர்கள் ஊசி போட்டுக்கொண்டார்கள். படுத்த படுக்கையானவர்கள் விடுபட்டார்கள். ஊசி பயனற்றது என்பதல்ல இதன் பொருள். எளிதாகச் சேரக்கூடியவர்களைக் கொண்டு இலக்கை நிரப்பினால், சதவீதம் உயரும், காப்பாற்றப்படும் உயிர்கள் அதே அளவில் உயரா. எஞ்சிய பத்துப் பேர் பிரச்சினை நீதிப் பிரச்சினை மட்டுமல்ல, மருத்துவப் பிரச்சினையும்கூட.

எது வேலை செய்கிறது என்பது தெரியாததல்ல. நிலையத்தில் ஃப்ளூ ஊசிக்கென்று பெயர் சொல்லி ஒருவர் பொறுப்பேற்பது, பொதுக் கடிதத்துக்குப் பதிலாக நோயாளியின் பெயரோடும் மொழியோடும் அழைப்பது, படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கே போய்ப் போடுவது: பிரிட்டனின் வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2018இல் கொடுத்த பரிந்துரைகளின் சாரம் இதுதான். 2015 முதல் இங்கிலாந்தில் மருந்துக்கடைகளும் அரசுச் செலவில் ஃப்ளூ ஊசி போடுகின்றன. டர்ஹம் பல்கலைக்கழகத்தின் 2014 ஆய்வொன்றின்படி இங்கிலாந்து மக்களில் 89 சதவீதம் பேருக்கு 20 நிமிட நடையில் ஒரு மருந்துக்கடை இருந்தது. மிக ஏழைப் பகுதிகளில் ஏறத்தாழ எல்லோருக்கும். டியூடர் ஹார்ட்டின் விதி தலைகீழாக நிற்கும் அரிய இடம் அது. ஸ்காட்லாந்து 2016இல் க்யூஓஎஃப்பையே நீக்கியது. பின்னர் ஊசி போடும் பணியைக் குடும்ப மருத்துவர்களிடமிருந்து எடுத்து வட்டார சுகாதார வாரியங்களிடம் ஒப்படைத்தது. பணப் பேரத்திலிருந்து ஊசி விடுபட்டது நல்லது. ஆனால் பழகிய செவிலியரைப் பார்க்கப் பக்கத்துத் தெருவுக்குப் போய்வந்த மூதாட்டி, இப்போது பேருந்து ஏறி ஒரு மையத்துக்குப் போக வேண்டும் என்றால் அது யாருக்கு நட்டம் என்பதைப் பார்க்க வேண்டும்.

என் முடிவு இது. ஊக்கத்தொகை கூடாது என்பவர்களோடு நான் இல்லை. ஏழைப் பகுதி மருத்துவ நிலையத்துக்குப் பணம் வேண்டும். பட்டியல் எடுக்கவும் ஆள் வைக்கவும் அந்தப் பணமே உதவியது. தவறு, எல்லா ஊசிக்கும் ஒரே விலை வைத்ததில். நான்காம் மாடிக்கு ஏறிப் போடும் ஊசிக்கு, மருத்துவமனைக் கூடத்தில் வரிசையில் நிற்பவருக்குப் போடும் ஊசியைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டும். தொண்ணூறில் பணத்தை நிறுத்தக் கூடாது. தொண்ணூறுக்கு மேல்தான் அது ஏற வேண்டும். விலக்குப் பட்டியலில் உள்ளவர்கள் எந்தத் தெருவினர், எந்த மொழியினர் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மதத்தாலோ அவநம்பிக்கையாலோ வந்த மறுப்புக்கு மருத்துவரின் பணப்பையில் மருந்து தேடாமல், அந்தச் சமூகத்தாரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

தெற்காசியர்களுக்கு நீரிழிவு அதிகம் என்பதால், இந்தப் பட்டியல்களில் நம் பெரியவர்கள் நிறையவே இருக்கிறார்கள். லண்டனில் ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ அம்மா அப்பாவை அழைத்துவந்து வைத்திருப்பவர்கள், இலையுதிர் காலத்தில் வரும் மருத்துவ நிலையக் கடிதத்தைப் பிரித்துப் படித்துச் சொல்லுங்கள். பதில் இல்லாமல் போனால் அவர்கள் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகலாம். இன்னும் பதிவு செய்யாதவர்கள் இருந்தால் பதிவு செய்யுங்கள். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்துகொள்ளக் கட்டணம் கிடையாது. முகவரிச் சான்றும் குடியேற்ற ஆவணமும் கட்டாயமில்லை.